எம்ரிஸின் அக்கா

படம் மூன்று மணிக்கு. மென்னா இரண்டரைக்கே வந்துவிட்டாள். வந்தவள் மண்டபத்துக்குள் போகாமல் எதிர்ப்பக்கம் மருந்துக்கடை வாசலில் ஒதுங்கி நின்றாள். மழை ஒன்றும் பெரிதாக இல்லை. கால்தான் நகரவில்லை.

மண்டபத்துச் சுவரில் அவள் தம்பியின் முகம் ஆளுயரத்துக்கு ஒட்டப்பட்டிருந்தது. எம்ரிஸ் கண்ணை மூடிக்கொண்டு மைக்கைக் கடிப்பதுபோலப் பாடிக்கொண்டிருந்தான். அந்தப் புகைப்படம் எடுத்தபோது அவனுக்கு இருபத்தைந்து வயது. அவன் பாடிய பாரிக் இசைக்குழுவின் பெயர் அப்போது வேல்ஸ் முழுக்கப் பரவியிருந்தது. முப்பத்தொரு வயதில் செத்துப்போனான். இருபத்துமூன்று வருஷம் கழித்து அவனைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்திருக்கிறது. முதல் காட்சியை அவன் பிறந்த ஊரான பெதெஸ்தாவிலேயே போடுகிறார்கள்.

வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. எல்லாம் ஐம்பதைத் தாண்டிய ஆட்கள். பாதிப்பேர் பாரிக் குழுவின் பழைய கறுப்பு டீ-ஷர்ட்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

"துவைச்சுத் துவைச்சு சுருங்கிடுச்சுப்பா இது," என்றார் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், வயிற்றின்மேல் துணியை இழுத்துவிட்டபடி.

"சட்டை அப்படியேதான் இருக்கு. நீதான் நாலு மடங்கா ஊதிட்ட," என்றாள் பக்கத்தில் நின்ற அவர் மனைவி. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அம்மா! இங்க என்ன பண்ற?"

மகள் பெக்கா குடையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள். கார்டிஃபில் வேலை பார்க்கிறவள், இதற்காகவே முந்தின நாள் ரயிலேறி வந்திருந்தாள். இருபத்தேழு வயது. மாமன் செத்தபோது அவளுக்கு நாலு. அவன் முகம் நினைவில்லை, ஆனால் அவன் பாட்டு ஒன்று விடாமல் மனப்பாடம். மாமன் பெயரைச் சொன்னால் கார்டிஃபில் இன்னமும் மதுக்கடைகளில் தன்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்க்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்வாள்.

"கொஞ்சம் காத்தாட நின்னேன்," என்றாள் மென்னா.

"மழையில காத்தாடவா? வா வா, நமக்கு முன்வரிசை. டைரக்டர் உன்னைக் கேட்டுட்டே இருக்கா."

டைரக்டர் பெயர் மரெட். முப்பது வயதுப் பெண். படத்துக்காக மென்னாவுக்கு மூன்று கடிதம் எழுதினாள், இரண்டு முறை பள்ளிக்கூடச் சமையலறைக்கே வந்தாள். மென்னா அங்கேதான் முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சமைக்கிறாள். ஒவ்வொரு முறையும் உருளைக்கிழங்கு தோலைச் சீவியபடியே, "எனக்குப் பேச வராதும்மா," என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஆனால் பிளெதின் பேசியிருக்கிறான் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. பிளெதின் அந்தக் குழுவின் டிரம்மர், எம்ரிஸுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதன். ஊரில் ஒருத்தனுக்கு உண்மை தெரியும் என்றால் அது பிளெதினுக்குத்தான். எம்ரிஸை அடக்கம் செய்த அன்று அவன் அவள் முகத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அதற்குப் பிறகு இந்த இருபத்துமூன்று வருஷமும் பார்க்கவில்லை. இன்றைக்கு, இத்தனை பேருக்கு முன்னால், திரையில் அதைச் சொல்லப் போகிறான்.

சொல்லட்டும், காதால் கேட்டுவிடலாம் என்றுதான் அவள் வந்திருந்தாள்.

விளக்கு அணைந்தது.

படம் நன்றாகவே இருந்தது. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கல்குவாரிச் சரிவு, பள்ளிக்கூடம், அவர்கள் வளர்ந்த தெரு. பதினேழு வயது எம்ரிஸ் யாருடைய கார் கொட்டகையிலோ நின்று தொண்டை கிழியக் கத்துகிறான். பின்னால் பிளெதின் எலும்பும் தோலுமாக டிரம்மை வெளுத்து வாங்குகிறான். லண்டனிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர், வேல்ஸ் மொழியை விட்டு இங்கிலீஷில் பாடினால் எங்கேயோ போய்விடுவாய் என்று சொன்னதற்கு எம்ரிஸ், "எங்கயோ போகணும்னு எனக்கு ஆசையில்லையே, வீட்டுக்குப் போற பஸ்ஸு அஞ்சரைக்கு," என்று பதில் சொன்னதைக் காட்டினார்கள். மண்டபமே அதிர்ந்தது. பெக்கா சிரித்துச் சிரித்து அம்மாவின் தோளில் சாய்ந்தாள்.

பிறகு போதை மருந்து வந்தது. படம் அதை மறைக்கவில்லை. மேடையில் தள்ளாடுகிறவனைக் காட்டியது, ரத்துசெய்த கச்சேரிகளைச் சொன்னது. மென்னா கோட்டுப் பையில் கையை விட்டு இறுக்கிக்கொண்டாள். வரப்போகிறது.

திரையில் பிளெதின் வந்தான். நரைத்த தாடி, நிறைய யோசித்துப் பேசினான். "கடைசி மாசத்துல அவன் வேன்லதான் படுத்துக்கிட்டு இருந்தான். பூட்டிக்கிடந்த பழைய சர்ச்சுக்குப் பின்னால வேன் நின்னுச்சு. பிப்ரவரி மாசம், பயங்கரக் குளிர். செவ்வாய்க்கிழமை பாத்தாங்க." அவ்வளவுதான் சொன்னான். கேமரா கொஞ்ச நேரம் அவன் மேலேயே நின்றது. அவன் கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்து ஒரு பழைய வானொலிப் பேட்டி ஓடியது. எம்ரிஸின் குரல் மட்டும் கேட்டது, திரையில் மலைமேல் மழை பெய்துகொண்டிருந்தது.

"முதல் கித்தார் எப்படிக் கிடைச்சதுன்னு கேக்குறீங்களா? எங்க மென்னா வாங்கிக் குடுத்தா. பாங்கர் டவுன்ல இருந்து பஸ்ஸுல கொண்டு வந்தா. உறை கிடையாது, கொட்டுற மழை. தன்னோட கோட்டைக் கழட்டிக் கித்தாருக்குப் போர்த்திட்டு, அவ தொப்பலா நனைஞ்சு வந்து நின்னா. அப்புறம் ஒரு வாரம் காய்ச்சல். அவ இல்லேன்னா நான் இல்ல. அவ்வளவுதான் விஷயம்."

அதோடு படம் முடிந்தது.

மென்னாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. முடிந்துவிட்டதா? அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே? சொல்லவே இல்லையே. பெக்கா அழுதுகொண்டே அவளைக் கட்டிப்பிடித்தாள். "அம்மா, இதை ஏம்மா நீ எங்கிட்ட சொன்னதே இல்ல?"

விளக்குகள் எரிந்தன. மேடையில் மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். மரெட்டும் பிளெதினும் போய் உட்கார்ந்தார்கள். மூன்றாவது காலியாகக் கிடந்தது.

மரெட் மைக்கை எடுத்தாள். "இந்த நாற்காலி யாருக்குன்னு உங்களுக்கே தெரியும். அவங்க மேடைக்கு வரமாட்டேன்னுட்டாங்க. ஆனா இங்கதான் இருக்காங்க. எம்ரிஸோட அக்கா, மென்னா. தயவுசெஞ்சு ஒரு நிமிஷம் எழுந்து நில்லுங்க."

பெக்கா அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள். மென்னா எழுந்தாள். அவள் எழுந்ததும் முதலில் பக்கத்து வரிசை எழுந்தது, பிறகு மண்டபம் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. பின்னால் யாரோ விசிலடித்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார். ஓய்கிற மாதிரி தெரியவில்லை.

திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக வந்தவள் அவள். இதை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியவில்லை.

"நிறுத்துங்க," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. கையை உயர்த்தினாள். மெல்ல அடங்கியது. யாரோ அவள் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"கித்தார் வாங்கிக் குடுத்தது நெசந்தான்," என்றாள். "ஆனா நான் அவனை வீட்டுக்குள்ள விடல."

பின்வரிசையில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. உட்காரப்போனவர்கள் பாதியில் நின்றார்கள்.

"செத்துக்கிடந்தான்னு செவ்வாய்க்கிழமை பாத்தாங்கல்ல, அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னான். நடுங்கிட்டு இருந்தான். ரெண்டு ராத்திரி படுத்துக்கறேன், மென்னான்னு கேட்டான். நான் முடியாதுன்னுட்டேன். வாசல்ல நிக்கவெச்சே ரொட்டியும் கறியும் காகிதத்துல சுத்திக் கொடுத்தேன். தெருநாய்க்குப் போடற மாதிரி. பெக்காவை ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்னான். பாப்பா தூங்குறான்னு சொன்னேன். உள்ள அவ டிவி பாத்து சத்தமா சிரிச்சிட்டு இருந்தா. அவனுக்கும் கேட்டுச்சு, எனக்கும் கேட்டுச்சு. சரி, தூங்கட்டும்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

பெக்காவின் கை அவள் முழங்கையிலிருந்து விலகியது.

மூன்றாவது வரிசையிலிருந்த ஒரு கிழவி, சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவள், இரக்கமாகச் சொன்னாள்: "கண்ணு, அது உன் தப்பில்ல. ஊருக்கே தெரியும் அவன் எந்த நிலைமையில இருந்தான்னு."

"ஊருக்குத் தெரியாது. அதான் சொல்றேன்," என்றாள் மென்னா. பிறகு மேடையைப் பார்த்தாள். "பிளெதினுக்கு மட்டும்தான் தெரியும். நான் துரத்தினதும் நேரா பிளெதின் வீட்டுக்குத்தான் போறேன்னு சொன்னான். சரி, அவன் பாத்துக்குவான்னு நானும் நிம்மதியா கதவைச் சாத்தினேன். பிளெதின் இத்தனை வருஷம் என்னைக் காட்டிக்கொடுக்கல. படத்துல கூட சொல்லல. அதுக்கு..." நன்றி என்று சொல்ல நினைத்தாள். சொல்லாமல் மைக்கைக் கீழே இறக்கினாள்.

பிளெதின் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் சுவர்போல வெளுத்திருந்தது. மைக் இல்லாமலே ஏதோ சொன்னான்.

"கேக்கல!" என்றார்கள் பின்னால் இருந்தவர்கள். "சத்தமா பேசு பிளெதின்!"

அவன் மைக்கை எடுத்தான். அது தாடியில் உரசிக் கரகரத்தது.

"நான் கதவைத் திறக்கலன்னு சொன்னேன்."

மறுபடி, இன்னும் சத்தமாக: "வந்தான். அஞ்சு மணி இருக்கும். ஜன்னல் வழியா பாத்தேன். லைட்டை அணைச்சேன், டிவியை அணைச்சேன், சோபாவுக்குப் பின்னால தரையில உக்காந்துக்கிட்டேன். பத்து நிமிஷம் தட்டினான். நான் மூச்சுவிடல. மென்னா, நீ அவனை அன்னைக்கு ராத்திரி வீட்டுல வெச்சிருந்தன்னு நினைச்சேன். என் வீட்டுலயிருந்து உன்கிட்ட வந்து, நான் இருட்டுல ஒளிஞ்சிருந்ததை உன்கிட்ட சொல்லியிருப்பான்னு நினைச்சேன். அதான் உன் மூஞ்சியை என்னால பாக்க முடியல."

மென்னாவின் காதில் ஒன்றுதான் திரும்பத் திரும்ப விழுந்தது. அப்படியானால் எம்ரிஸ் எங்கேயும் தங்கவில்லை. அவள் கதவிலிருந்து பிளெதின் கதவுக்குப் போய், அங்கேயிருந்து நேராக வேனுக்குப் போயிருக்கிறான். அவன் பிளெதின் வீட்டில் ஒருவேளையாவது சூடாகச் சாப்பிட்டிருப்பான், ஒரு ராத்திரியாவது நெருப்புப் பக்கத்தில் படுத்திருப்பான் என்று இருபத்துமூன்று வருஷமாக அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று அதுவும் போய்விட்டது.

மரெட் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு விளக்குக்காரனுக்குச் சைகை காட்டிவிட்டு, "இதோட முடிச்சுக்கலாம்," என்று மட்டும் சொன்னாள். மென்னா திரும்பிப் பார்த்தபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

பெக்கா காருக்குள் உட்கார்ந்திருந்தாள். மென்னா கதவைத் திறந்து ஏறி, சாவியைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"நான் எதைப் பாத்து சிரிச்சேன்?" என்றாள் பெக்கா.

"தெரியல. ஏதோ கார்ட்டூன்."

"மாமா லிவர்பூல் ஆஸ்பத்திரியில செத்தாருன்னுதானே எனக்குச் சொன்ன. வேன்ல செத்தாருன்னு யாராவது சொன்னா வதந்தின்னு சண்டை போட்டிருக்கேன். படத்துலயும் வேன்னு சொன்னப்பவே திடுக்குனு ஆச்சு. சரி, சின்னப் பிள்ளைகிட்ட மறைச்சிருப்பன்னு நினைச்சேன். கடைசியில என்னை வெச்சு ஒரு பொய் சொல்லித் துரத்தியிருக்க."

"அதுக்கு முன்னால மூணு தடவை உள்ள விட்டேன், பெக்கா. மூணாவது தடவை சோபா இடுக்குல இருந்து நீ ஒரு ஊசியை எடுத்து, பென்சில் மாதிரி பிடிச்சுக்கிட்டு வந்து எங்கிட்ட காட்டின. உங்கப்பா அப்பவே நம்மள விட்டுப் போயிட்டாரு. நான் ஒருத்தி. உனக்காகத்தான்..."

"எனக்காகன்னு சொல்லாத!" பெக்காவின் குரல் உடைந்தது. "அதை என் தலையில கட்டாத."

கண்ணாடியில் மழைத்தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் சொன்னாள்: "சரி. உனக்காக மட்டுமில்ல. எனக்கு சலிச்சுப்போச்சு. அன்னைக்கு அவனைப் பாத்ததும் எனக்குப் பாவமா தோணல. ஐயோ, மறுபடியுமான்னுதான் இருந்துச்சு. அதுதான் உண்மை."

பெக்கா சீட் பெல்ட்டை மாட்டினாள். "என்னை ஸ்டேஷன்ல விட்டுடு," என்றாள். ஞாயிற்றுக்கிழமை வரை இருப்பதாகச் சொல்லி வந்தவள், அன்றே ஐந்தரை மணி ரயிலில் போய்விட்டாள். போகும்போது கையசைக்கவில்லை.

ஊர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் கூட வேலை பார்க்கிறவர்கள் முன்பைவிட மெதுவாகப் பேசினார்கள், பாரமான அண்டாவை அவள் தூக்கப்போனால் ஓடிவந்து வாங்கிக்கொண்டார்கள். அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. "எனக்கு கையில ஒண்ணும் ஆகலடி," என்று ஒருத்தியிடம் சீறிவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் பிளெதின் வந்தான். கதவைத் திறந்தவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

"உள்ள வா," என்றாள் மென்னா.

டீ போட்டு, வெண்ணெய் தடவிய பழரொட்டித் துண்டுகளை வைத்தாள். அவன் கோட்டைக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தான்.

"கோ-ஆப் கடையில உன்னைப் பாத்தா வாங்க வந்ததை வாங்காம திரும்பிடுவேன், தெரியுமா?" என்றான். "எத்தனை நாள் பாலில்லாம டீ குடிச்சிருக்கேன்."

"நானுந்தான். நாய்த்தீனி அடுக்கியிருக்கற பக்கம் போய் நின்னுக்குவேன். என்கிட்ட நாயே கிடையாது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. பிளெதின் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தான்.

"மண்டபத்துல ஒண்ணு சொல்லல," என்றான். "தட்டறதை நிறுத்தினதும் போயிட்டான்னு நினைச்சேன். போகல. கதவுல கடுதாசி போடற ஓட்டையைத் தூக்கி, அது வழியா பேசினான். 'உள்ள இருக்கன்னு தெரியும்டா. ஒண்ணுமில்ல, பயப்படாத. நான் போறேன்'னான். கோபமே இல்ல, மென்னா. ரெண்டு திட்டு திட்டியிருந்தா நான் எழுந்து கதவைத் திறந்திருப்பேன்."

மென்னா எழுந்து பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். குழாயைத் திறந்தாள். கழுவ அங்கே ஒன்றும் இல்லை.

"எங்கிட்டயும் கோபப்படல," என்றாள்.

அவன் போகும்போது மரெட் போனில் கூப்பிட்டதாகச் சொன்னான். அன்று மண்டபத்தில் நடந்ததையும் யாரோ படம்பிடித்திருக்கிறார்களாம். தொலைக்காட்சியில் போடும்போது அதையும் சேர்க்கலாமா என்று அவனைக் கேட்டுவிட்டு, மென்னாவையும் கேட்கச் சொன்னாளாம்.

"உனக்கு என்ன தோணுது?" என்றாள் மென்னா.

"எனக்கு வேணாம்னுதான் தோணுது. வயசான காலத்துல எங்கம்மா அதைப் பாக்கணுமா?"

"அப்ப வேணாம்னு சொல்லிடு."

"நீ?"

"என்னோடது இருக்கட்டும். போடட்டும். அவ இல்லேன்னா நான் இல்லன்னு அவன் சொன்னதோட படம் முடியறதை என்னால தாங்க முடியாது."

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது பெக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ரயில் வந்துசேரும் நேரம் மட்டும் இருந்தது, வேறொன்றும் இல்லை. மென்னா ஸ்டேஷனுக்குப் போனாள். பெக்கா பெரிய பையோடு இறங்கினாள். இளைத்திருந்தாள். காரில் வரும் வழியெல்லாம் வேலையைப் பற்றியும், வாடகை வீட்டின் சொந்தக்காரன் சூடேற்றும் கருவியைச் சரிசெய்யாமல் இழுத்தடிப்பதைப் பற்றியும் பேசினாள். வீட்டு வாசலில் பையை இறக்கியபோதுதான் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"அம்மா, நான் மன்னிச்சுட்டேன்னு எதிர்பார்க்காத. மன்னிக்கறதுக்கு நான் யாருன்னும் தெரியல. மாமா இருந்தாத்தான் அவரைக் கேக்கணும்."

"எதிர்பார்க்கல."

"படத்தை மறுபடி மூணு தடவை பாத்தேன். மரெட் அனுப்பினா. ஒவ்வொரு தடவையும் அந்த பஸ் ஜோக்குக்கு சிரிக்கிறேன், அப்புறம் அழறேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அவர் உங்கிட்ட எப்படிப் பேசுவாரு? மேடையில மாதிரியேவா?"

"இல்ல. வீட்டுல ரொம்ப மெதுவாப் பேசுவான். பாதி வார்த்தை வாய்க்குள்ளயே போயிடும். எங்கம்மா, உன் வாய்க்குள்ள என்னடா சாக்ஸான்னு கேப்பாங்க."

பெக்கா சிரிக்கவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டு நின்றாள். "சரி, பசிக்குது. என்ன வெச்சிருக்க?"

"ஆட்டுக்கறி சூப்பு. நிறைய லீக்ஸ் தண்டு போட்டு."

இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெக்கா இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக்கொண்டாள். சாப்பிட்டு முடித்ததும், மாமா உடம்பில் அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன உடுப்பு இருந்தது, தொப்பி போட்டிருந்தாரா, எந்தப் பக்கம் நடந்து போனார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மென்னா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். தெருமுனையில் அவன் திரும்பிப் பார்த்தானா என்று கேட்டபோது மட்டும் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குள் அவள் கதவைச் சாத்திவிட்டிருந்தாள்.